மாடிப்படியில் ஓர் இருமல்

அலவி ராவுத்தர் தம் வீட்டு மாடிப்படியில் இருமிக்கொண்டுதான் ஏறுவார். சளியால் அல்ல. மேலே இருக்கும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காக. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். கொல்லங்கோட்டில் தங்கள் குடும்பத்துக்கு இருந்த மரியாதை அந்த ஓர் இருமலில் அடங்கியிருப்பதாக அவருக்கு நினைப்பு.

அன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, மாங்காய் மண்டி அஷ்ரஃப் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். “ஏனுங்க ராவுத்தரே, உங்கூட்டு மாடியில தெனமும் இங்கிலீஷ்ல கச்சேரி நடக்குதாமா? மருமக துபாய்க்குப் பேசறாங்களா, இல்ல வேற எங்கியாச்சுமா?”

பக்கத்தில் இருவர் சிரித்தார்கள். ராவுத்தருக்கு அது போதும்.

மருமகள் ஷமீனா கல்யாணத்துக்கு முன்பு கெமிஸ்ட்ரி டீச்சர். மகன் ஃபிரோஸ் துபாய்க்குப் போனதிலிருந்து மத்தியானமானால் கதவைச் சாத்திக்கொள்வாள். ராவுத்தர் வீட்டுக்கு வந்ததும் படியேறினார். பலமாக இருமினார். “ஆரும்மா போன்ல? கதவைத் தெற!” என்று வீடு அதிரக் கேட்டார்.

கதவு திறந்தது. ஷமீனா உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கையிலிருந்த போனில் எதையோ அழுத்திவிட்டுப் பேசினாள்.

“மாமா, மைக் தெறந்திருந்துச்சுங்க. உங்க சத்தம் அங்க கேட்டிருச்சு.”

“எங்க?”

“காபூல்லீங்க. பல்வஷான்னு ஒரு பொண்ணு. அங்க பொண்ணுக ஆறாங்கிளாசுக்கு மேல பள்ளிக்கூடம் போகக் கூடாதுங்க. எங்கிட்ட போன்ல ஒளிஞ்சு கெமிஸ்ட்ரி படிக்குது. பக்கத்து ரூம்ல அவ பெரியப்பா இருக்காருங்க. ஆம்பள சத்தம் கேட்டா…”

அவள் முடிக்கவில்லை. போனில் ஓர் ஆண்குரல் வெடித்தது. கதவை உதைக்கும் சத்தம். பாஷை புரியவில்லை, கேள்வி புரிந்தது. சற்று முன் படியில் நின்று தாம் கேட்ட அதே கேள்வி. அதே தொனிகூட.

ஷமீனா போனை அணைக்கப் போனாள். “அணைக்காதே. அணைச்சா கள்ளத்தனம்னு ஆயிரும்” என்றார் அவர். தம் வீட்டிலிருந்து போன குரலால் முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்கு அடி விழுந்தால், பிறகு எந்த மரியாதையை யாரிடம் காப்பது? “மைக்கைத் தெற.”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இழுப்போடு குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதத் தொடங்கினார். நடுவில் அங்கே கதவு மறுபடியும் அதிர்ந்தது. நிறுத்தவில்லை.

உதைக்கும் சத்தம் நின்று, தாழ்ப்பாள் விலகியது. அந்த ஆள் போனருகே வந்து மூச்சு விட்டான்.

“உஸ்தாத்?” ஓதிக்கொடுக்கும் ஆசிரியரா என்று கேட்கிறான்.

தம் ஜவுளிக்கடையில் ஒரு முழத் துணிக்குக்கூடப் பொய் சொல்லாதவர் ராவுத்தர். “உஸ்தாத்” என்றார்.

போன் அணைந்தது.

“நம்பியிருப்பானா?”

“தெரியலீங்க மாமா. அங்க பொண்ணுக குர்ஆன் ஓதறதுக்குத் தடையில்லீங்க. ஆனா சொல்லிக் குடுக்கறது ஆம்பளைன்னா ஒத்துக்குவாங்களான்னு தெரியல.”

அன்று ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, இருமாமல் மாடி ஏறினார். ஷமீனா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் கடந்த பிறகு திரையில் பல்வஷாவின் பெயர் ஒளிர்ந்தது. எடுத்ததும் அந்தப் பெண்ணின் குரலில் அதே அல்ஹம்து.

ஷமீனா அவர் காதருகே குனிந்தாள். “அந்தாளு பக்கத்துலயே உக்கார்ந்திருக்காருங்க. இல்லைன்னா ஏன் இதை ஓதறா?”

“எதுவரைக்கும் உக்காருவான்?”

“அவனுக்குச் சலிக்கற வரைக்கும்ங்க.”

ராவுத்தர் தொண்டையைச் செருமப் போய், விழுங்கிக்கொண்டார். சின்ன சூரா எதுவும் வேண்டாம் என்று, எண்பத்துமூன்று வசனங்கள் கொண்ட யாசீனை எடுத்தார். அவர் ஓர் ஆயத்தை ஓத, அங்கிருந்து அந்தப் பெண் திருப்பி ஓதினாள். மூச்சு வாங்கினாள். அவர் அடுத்ததை ஓதினார்.

பாதி தாண்டியபோது அங்கே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பிறகு காலடிகள். ஷமீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் கையை அவள் தொட்டது அதுவே முதல் தடவை. காலடிகள் வாசலுக்குப் போகின்றனவா, போனை நோக்கி வருகின்றனவா என்று இருவருக்கும் தெரியவில்லை. ராவுத்தர் ஓதுவதை நிறுத்தவில்லை.