முதல் அமுக்கலில் மட்டும்

சுவிட்சை அமுக்கியதும் ஸ்பீக்கரில் டப்பென்று வெடித்தது. அவள் விரலை எடுக்காமல் கட்டிலைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு," என்றார் அவர். கண்கள் மூடியிருந்தன. "அணைச்சிட்டு விடு. கொஞ்ச நேரம் தொடாத."

"இப்பவே இன்னொரு வாட்டி அமுக்கிப் பாக்கவா?"

"இப்ப அமுக்கினா வராது. அப்படித்தான் ஆளை ஏமாத்தும். அணைஞ்சு சும்மா கெடந்துட்டு, முதல் வாட்டி அமுக்குறப்பதான் அதோட புத்தியக் காட்டும்." மூச்சு வாங்கியது. "நீயும் கொஞ்சம் சும்மா இரு. காது கொடுத்துக் கேக்கணும்."

அவள் சும்மா இருந்தாள். அந்த வீட்டில் அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுவலகம் விட்டு வந்ததும் அவர் மேசையில் குனிந்துவிடுவார். கித்தாரின் குரலைக் கரகரப்பாக்கவும் இழுக்கவும் அலைபோல ஆடவைக்கவும், காலால் அமுக்குகிற சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள் செய்வார். சுவரில் சாய்த்து வைத்த கித்தார், அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து கட்டிலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஸ்பீக்கருக்கு ஒரு வயர். கல்யாணமான நாளிலிருந்து அவள் தாண்டித் தாண்டி நடந்த வயர்கள்.

இது நீலப் பெட்டி. மகளுக்காகச் செய்தது. மகளே பெயின்ட் அடித்தது.

காலையில் வந்த டாக்டர் மாடிப்படி வரை அவளைக் கூட்டிப்போய், சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க என்றார். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். மகள் உடனே பஸ் ஏறிவிட்டாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் போன் செய்தாள். "அப்பாகிட்ட குடுங்கம்மா. ஒரு வார்த்தை. நானே பேசுறேன், அவரு சும்மா கேட்டாப் போதும்."

ஒவ்வொரு முறையும் அவர் தலையை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசி முறை மட்டும் சொன்னார்: "இந்தச் சத்தத்தை நிறுத்திட்டுப் பேசுறேன். உன் பொண்ணுகிட்ட சொல்லு."

உன் பொண்ணு. ஏழு வருஷமாக அப்படித்தான். மகள் மேடையேறிய முதல் பெரிய கச்சேரி அது. பாடகி குரலைத் தாழ்த்தி, அரங்கமே மூச்சைப் பிடித்திருந்த இடத்தில், மகள் இந்தப் பெட்டியை மிதித்தாள். டப். பாட்டு நின்றுவிட்டது. மகள் மைக்கில் குனிந்து, "மன்னிச்சுக்கங்க, எங்கப்பா தும்மிட்டாரு" என்றாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் மகள் கடையில் செய்த பெட்டி ஒன்றை வாங்கினாள். நீலப் பெட்டி திரும்பி வந்தது. அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வாயையும்தான்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் அதை எடுக்கச் சொன்னார். கை நடுங்கியதால் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை இவளிடம் கொடுத்தார். உள்ளே ஏதோ ஒன்று கசிகிறதாம். சும்மா கிடக்கும்போது சொட்டுச் சொட்டாய் மின்சாரம் சேர்ந்து, சுவிட்ச் திறந்ததும் மொத்தமாய்ப் பாய்கிறதாம். சேரச் சேர வடிந்துபோக ஒரு வழி வைத்துவிட்டால் தீர்ந்தது. பழுப்பு, கருப்பு, பச்சைக் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர். அவள் பற்ற வைத்திருந்தாள். ஈயம் முத்துப்போல் உருண்டு நின்றதே தவிர ஒட்டியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ம். அமுக்கு."

டப்.

"கழட்டு. திரும்பச் சூடு பண்ணு. ஈயத்தைச் சூடு பண்ணாத, ரெசிஸ்டர் காலைச் சூடு பண்ணு. எத்தனை வாட்டி சொல்றது?"

"எனக்கு வந்தாத்தானேங்க? தோசைக்கரண்டி பிடிச்ச கை இது."

"அதுவும் ஒழுங்கா வராது."

அவள் சூட்டுக்கோலை எடுத்தாள். திரும்பச் சூடு பண்ணினாள். புகை கண்ணில் ஏறியது. மூடியைப் போட்டு, சுவிட்சை அணைத்து வைத்தாள். மறுபடியும் காத்திருப்பு. அவருடைய மூச்சு நெஞ்சுக்குக் கீழே போகாமல் தொண்டையிலேயே நின்று நின்று திரும்பியது. விரல் நகங்கள் நிறம் மாறியிருந்தன. மடியில் போன் அதிர்ந்தது. அவள் எடுத்து, "இருடி, அப்படியே லைன்ல இரு" என்று முணுமுணுத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

அவருக்கு இருமல் வந்தது. கட்டில் ஆடுகிற இருமல். வழக்கமாக அவள் ஓடிப்போய் முதுகைப் பிடிப்பாள். இந்த முறை போகவில்லை. ஸ்பீக்கரின் சத்தக் குமிழை அடிவரை குறைத்தாள். சேர்ந்திருந்தது சத்தமில்லாமல் வடியட்டுமென்று சுவிட்சை ஒருமுறை அமுக்கினாள். திரும்ப ஒருமுறை அமுக்கினாள். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். இருமல் அடங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"அமுக்கவா?"

அவர் தலையசைத்தார்.

அமுக்கினாள். ஒன்றுமில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"அமுக்கினியா?"

"அமுக்கிட்டேன். பாருங்க, லைட்டு எரியுது."

பெட்டியின் சிவப்புப் புள்ளியை அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் எங்கேயோ ஒரு சுருக்கம் நெகிழ்ந்தது. அவள் போனை எடுத்து அவர் காதோடு வைத்தாள். "லைன்ல இருக்கா. பேசறேன்னீங்களே. பேசுங்க."

போனுக்குள் மகள், "அப்பா... அப்பா..." என்பது அவளுக்கே கேட்டது.

அவர் போனைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்துத்தான் சொன்னார். "என்னத்தப் பேச? வரட்டும். வந்து, அவளே அமுக்கிப் பாக்கட்டும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது வருமென்று அவர் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வந்து நின்ற மூச்சு திரும்பிப் போகவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அழுகை வரவில்லை. ஏமாந்தது அவரா, இல்லை நானா என்றுதான் முதலில் தோன்றியது.

மகள் வந்தபோது கீழ்வீட்டு டெய்லர் வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். "உள்ளாற போம்மா," என்றார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அப்பாவின் காலடியில் நின்றாள். காலைத் தொட்டாள். முகத்துப் பக்கம் போகவில்லை. பிறகு தரையில் நீலத்தைப் பார்த்தாள்.

"இதைத்தான் சொன்னாரா?"

"ஆமா."

"சரி பண்ணிட்டாரா?"

அம்மாவின் கால் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஸ்பீக்கரும் எட்டுகிற தூரம்தான். மகள் மூக்கைத் துடைக்கத் திரும்பும் நேரம் போதும். அம்மா காலை நகர்த்தவில்லை.

"அமுக்கிப் பாரு," என்றாள்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தாள். எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை மிதிக்கப் போனவள் காலை அந்தரத்திலேயே நிறுத்தினாள். அந்தப் பெட்டியின் புத்தி அவளுக்கும் தெரியும். காத்திருந்தாள். டெய்லர் வாசலில் யாரிடமோ வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மிதித்தாள்.

டப்.

வாசலில் பேச்சு நின்றது. "என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள் மகள். அம்மாவைப் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவரு கேட்டது?"

அம்மா ஸ்பீக்கரின் குமிழைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். புரிந்துவிட்டது. எதற்காக என்று அவள் கேட்கவில்லை. போன் லைனில் அவளும்தானே இருந்தாள்.

"ஏம்மா," என்று தொடங்கினாள். பையை இறக்கினாள். பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்ற ஆரம்பித்தாள். நாலைந்து சுற்று வந்ததும் வயர் இறுகியது. கட்டில் காலுக்கு அடியில் மாட்டியிருந்தது. லேசாக இழுத்தாள். கட்டிலோடு சேர்ந்து அவர் தலை கொஞ்சம் அசைந்தது.

இழுப்பதை நிறுத்தினாள். பாதி சுற்றிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்குகிறவர்கள் வரும்வரை அப்படியே நின்றாள்.