நாற்காலி இல்லாத அலுவலகம்

உட்கார்வதால்தான் வேலை நடக்கவில்லை என்று கண்டுபிடித்த முதலாளி, முன்மாதிரியாகத் தம்முடையதையும் சேர்த்து எல்லா நாற்காலிகளையும் மாடிக்கு ஏற்றினார். கணக்கர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவருடைய முழங்கால் நிற்கிற சாதியே இல்லை.

"வேலைய விட்டுடலாம்னு பாக்குறேம்மா," என்றார் தட்டச்சுக்காரியிடம்.

"ஒரு நாள் பொறுங்கண்ணே!"

வந்த வாடிக்கையாளர்கள், ஊழியர்கள் நிற்பதைப் பார்த்து அதுதான் வரிசை என்று பின்னால் நின்றார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. வெளியே போய்த் திரும்பிய முதலாளி உள்ளே நுழையப் பார்த்தார்.

"யோவ், பின்னாடி போய் நில்லுய்யா!"

"நான்தான்யா முதலாளி!"

"வர்றவன் எல்லாம் அதத்தான் சொல்றான்."

சாயங்காலம் உள்ளே வந்து சேர்ந்தவர், நாற்காலி கேட்டார்.

"உக்காந்தா வேலை நடக்காதுங்களே," என்றார் கணக்கர், மிகுந்த பணிவோடு.

"எல்லாத்தையும் இறக்குய்யா!"