செல்வியின் பிடி

கரண்டியைச் செல்வியின் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார் சவுரிராயன். அவளுடைய கருவிழிகள் கீழே இறங்காமல் போய் இரண்டு வருஷமாகிறது. அதனால் எந்த உணவும் வாய்க்குப் போகுமுன் அவள் கண்ணெதிரே ஒருமுறை வந்து நிற்க வேண்டும். தன் மனைவிக்காக அவர் வைத்த வழக்கம் அது.

"கேப்பைக் கஞ்சிதான். மோர் ஊத்தியிருக்கேன். தாடைய கொஞ்சம் எறக்கு செல்வி... ஆங், முழுங்கு."

முழுங்கவில்லை. கஞ்சி கடைவாயில் வழிந்தது. அவள் இருமினாள். அந்த இருமலுக்கும் வலுவில்லை. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் மட்டும் கேட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். இனி அதை எடுக்கப்போவதில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கிளியனூர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் லூர்துசெல்வியின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கப் போனவள், நின்றபடியே பின்பக்கமாகச் சாய்ந்தாள். அப்புறம் வீட்டில், தெருவில், குழாயடியில் என்று விழுந்துகொண்டே இருந்தாள். வாதம் என்றார்கள், பயந்திருக்கிறாள் என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் வரும், மருந்து கிடையாது என்றார். நடை போயிற்று. பேச்சும் போயிற்று. சவுரிராயன் பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையால் பேசிக்கொண்டார்கள். அவர் விரலை அவள் அழுத்தினால் சரி. அழுத்தாவிட்டால் வேண்டாம்.

விழுப்புரத்திலிருந்து மகள் ஜெர்லின் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மாவின் நெற்றியைத் தொட்டவள் பதறிப்போனாள்.

"இன்னாப்பா, இப்பிடிக் கொதிக்குது! ஆம்புலன்ஸுக்கு போன் பண்றேன்."

"வாணாம்மா."

"மூக்குல குழா வெச்சா சாப்பாடாவது உள்ள போகும். சளிய எடுத்துடுவாங்க."

"குழா வாணாம்னு அவ பேச்சு இருக்கும்போதே சொல்லிட்டா. காலைலகூட கேட்டேன், வூட்டுலயே இருந்துக்கலாமான்னு. அழுத்தினா."

ஜெர்லின் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"டாக்டர் எங்கிட்ட தனியா ஒண்ணு சொன்னாருப்பா. கையில எது பட்டாலும் அம்மா புடிச்சுக்குவாங்களாம். கைக்கொழந்த புடிக்குமே, அது மாதிரி. அம்மா அழுத்தலப்பா. நோவுதான் அழுத்துது."

ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

பூ வெச்சுடட்டுமா செல்வி? ஜெபமால சொல்லலாமா? நான் சித்த படுக்கட்டுமா? எத்தனை கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அழுத்தினாள். இப்போது நினைத்துப் பார்த்தால், அவள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்பிடிப்பா சொல்லுவேன்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தீங்க."

சவுரிராயன் செல்வியின் விரல்களைப் பார்த்தபடியே கேட்டார். "குழா வாணாம்னு வாயால சொன்னது அவதானே?"

ஜெர்லின் தலையாட்டினாள்.

"அப்ப ஃபாதர கூப்புடு."

பங்குச் சாமியார் வந்து, கடைசி நேரத்து ஜெபம் சொல்லிச் செல்வியின் நெற்றியில் எண்ணெய் பூசினார். உள்ளங்கையை விரித்துப் பூசியபோது விரல்கள் அவர் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டன.

"பாத்தீங்களா, அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுது" என்று சிரித்தார் சாமியார்.

"ஆமா ஃபாதர்" என்றாள் ஜெர்லின். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாமியார் போனபின் சவுரிராயன் தன் விரலை அந்தக் கைக்குள் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. வெயில் சாயும் நேரத்தில் பிடி தளர்ந்தது. அவர் விரலை எடுக்காமலே, "ஜெர்லின்" என்று கூப்பிட்டார்.

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பியபோது வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டு அம்மணி அவரிடம் வந்து குந்தினாள்.

"கடைசியா எதுனா சொன்னாளா அண்ணே?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். செல்வியைப் பார்த்துக்கொள்ள யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்ற யோசனை பாதி வழியில் வந்து, உடனே போயிற்று.

புதுச்சேரியிலிருந்து வந்த பஸ் அவரைப் பார்த்து நின்றது.

"திண்டிவனம், திண்டிவனம்! ஏறுங்க பெரியவரே, ஜல்தி!"

"நான் வரலப்பா. நீ போ."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே விசில் கொடுத்தான். பஸ் போயிற்று. சவுரிராயன் அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பஸ் வந்தது. ரோட்டோரம் யார் நின்றாலும் நிற்கிற பஸ்; அவர் கை காட்டாமலே அதுவும் அவருக்காக நின்றது.