கடல் முள்ளெலி சூடிய சிவப்புக் கயிறு

“தென் துருவத்துக் கடல்ல பொறந்தவ ஒருத்தி, இப்ப பெட்டாலிங் ஜெயாவுல, நம்ம ரஹ்மான் பாய் கடையில பொட்டலம் கட்டற ராஃபியா கயித்தத் தலையில பூ மாதிரி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் வெச்சு விடல. அவளே எடுத்து வெச்சுக்கிட்டா!”

சபாபதி இப்படிச் சொன்னதும், மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் அப்துல் ரஹ்மான் கடையில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை. சபாபதி பேச்சுக்கெல்லாம் கை நின்றால் அந்தக் கடையில் இதுவரை ஒரு ரொட்டிகூட வெந்திருக்காது.

மேரு என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஐஸ்கிரீம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். லோரிக்குள் அடிக்கிற குளிரில் அவர் தும்மினால் ஆலங்கட்டி விழுமாம். செமினியில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவர் கொண்டுபோன ஐஸ்கிரீமை ரம்பம் வைத்து அறுத்துத்தான் பரிமாறினார்களாம். மாப்பிள்ளையின் பல் ஒன்று அதிலேயே தங்கிவிட்டதாம்.

இதையெல்லாம் தினமும் எதிரே உட்கார்ந்து கேட்பவர் தம்புசாமி. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழிகளில் பொய் கேட்டுப் பழகிய காது அவருடையது.

“யார்றா அவ?”

“கடல் முள்ளெலி.”

“எலி பூ வெக்குதா?”

“எலி இல்லடா. முள்ளு உருண்டை. ரம்புத்தான் பழத்தக் கடல்ல போட்டு, அதுக்கு உயிர் வந்தா எப்படி இருக்கும்? அப்படி.”

“ரம்புத்தானுக்குக் கண்ணு உண்டா?”

“கண்ணு கிடையாது. காலு உண்டு. நூல் நூலா, எண்ண முடியாது. பிடிச்சா விடாது.”

“பொம்பளைன்னு எப்படித் தெரியும்?”

“அதான் பூ வெச்சிருக்கால்ல!”

தம்புசாமி நுரை பொங்கிய தே தாரேக் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். சபாபதி கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். தம்புசாமி கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

“போட்டோவா? நான் சந்திரன்ல உக்காந்து நாசி லெமாக் சாப்பிடற மாதிரி போன வாரம் என் மருமகன் ஒண்ணு அனுப்பினான். பார்க்க நல்லாத்தான் இருந்தேன். அதுக்காகப் போயிட்டு வந்தேன்னு அர்த்தமா?”

“சரி, நேர்ல வா. ஆனா வெள்ளிக்கிழமை அந்தக் கயித்த எடுத்துடுவேன்னு என் மக தாமரை சொல்லிட்டா.”

“ஓ, சாட்சிய அழிக்கப் போறீங்களா? ரொம்ப வசதி லா!”

சபாபதிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்ன கதை அது.

நடந்தது இதுதான்.

சபாபதியின் மகள் தாமரை பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். தென் துருவத்துப் பக்கத்துக் கடலில் வாழும் முள்ளெலிகளை அங்கே இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிறாள். ஒரு தொட்டியில் அவற்றின் கடல் இன்று இருக்கிற குளிர். இன்னொன்றில் நாளைய கடல். கொஞ்சம் வெதுவெதுப்பு கூட்டி, கரியமில வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு, தண்ணீரைப் புளிக்க வைத்திருக்கிறாள். நாம் விடும் புகையில் ஒரு பங்கைக் கடல் குடிக்கிறதாம், குடிக்கக் குடிக்கப் புளிக்கிறதாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சீனப் புத்தாண்டு முதல் நாள் காலையில், குளிர்த் தொட்டியின் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் நின்றுவிட்டது.

“அப்பா, ரிப்பேர்காரர் பெருநாளுக்கு ஈப்போ போயிட்டாரு. கெளம்பிட்டாராம், ஆனா சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் ஐஸ் வேணும்ப்பா. இதுங்க செத்துட்டா ஒரு வருஷ வேலை போச்சு. அடுத்த கப்பல் வர வரைக்கும் வேற முள்ளெலி கிடைக்காது. ஐஸ் பையில கட்டியிருக்கணும். நல்ல தண்ணி உள்ள கலந்தா உப்பு குறைஞ்சு, அதுலயே செத்துடும்.”

போனில் தாமரை பதறினாள். சபாபதி கிள்ளானில் தெரிந்த ஐஸ் தொழிற்சாலைக்கு எல்லாம் போன் போட்டார். மணிதான் அடித்தது, எடுக்க ஆள் இல்லை. எல்லா முதலாளியும் சிவப்புச் சட்டை போட்டு ஆரஞ்சுப் பழம் கொடுக்கப் போய்விட்டார்கள். எந்தப் பெருநாளுக்கும் மூடாத ஒரே இடத்துக்கு ஓடினார்.

“ரஹ்மான் பாய்! ஐஸ் புங்குஸ்! பார்சல் கட்டுங்க! கடையில இருக்கற ஐஸ் பூரா!”

“எத்தன பேருக்குண்ணே?”

“ஒரு கடலுக்கு!”

ரஹ்மான் மறுகேள்வி கேட்கவில்லை. சபாபதியிடம் மறுகேள்வி கேட்டால் கதை நீளும் என்று அவருக்குத் தெரியும். தேநீர் கலக்குகிற மாஸ்டர் பை பையாக ஐஸ் நிரப்பினார், கயிறு சுற்றினார், காரில் அடுக்கினார். பின் சீட்டு, முன் சீட்டு, சபாபதியின் மடி, எங்கும் ஐஸ். ஃபெடரல் ஹைவேயில் ஈ காக்கா இல்லை. கார் பறந்தது. அவர் மீசையில் பனி பூத்தது. (மீசை விஷயம் மட்டும் அவர் சொன்னபடி.)

ஆய்வுக்கூடத்தில் தாமரை முதல் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அப்பா, ஸ்ட்ரா எதுக்குப்பா?”

அப்போதுதான் சபாபதியும் பார்த்தார். புங்குஸ் என்று காதில் விழுந்ததும் மாஸ்டரின் கை தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. மலேசியாவில் டீ, காபி, சர்பத் எதுவானாலும் பையில் கட்டுகிற கட்டு ஒன்றுதானே? பையின் ஓரத்தில் கயிற்றைச் சுற்றி, தூக்க ஒரு காது விட்டு, மறு ஓரத்தில் ஸ்ட்ராவுக்காக வாயைத் திறந்து வைப்பது. ஒரு பைக்கும் வாய் மூடியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஸ்ட்ரா.

“இதுல சிரப்பு வேற இருக்குப்பா!”

“அது... அது எனக்கு.”

தாமரை சிரிக்கவில்லை. தொட்டியைக் காட்டினாள். அந்த முள்ளெலிகள் தங்கள் கடலில் சிப்பித் துண்டு, பாசி, எது கிடைத்தாலும் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ளும். எதிரியிடமிருந்து ஒளிந்துகொள்ள. இப்போது ஒவ்வொன்றாக அந்தத் தொப்பிகளை நழுவ விட்டுக்கொண்டிருந்தன.

“பிடிக்கத் தெம்பு இல்லப்பா. சூடு ஏறுது.”

சபாபதி வாயை மூடினார். அது ஒரு பெரிய சம்பவம், செய்தித்தாளில் வந்திருக்க வேண்டும். அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து, ஸ்ட்ராவை உருவி, கயிற்றை அவிழ்த்து, வாயை முறுக்கி இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு பையாகத் தொட்டியில் மிதக்க விட்டார்கள். உருகியதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். விரல் மரத்துப்போனது. அவிழ்த்த கயிறுகள் மடியிலும் தலையிலும் தொங்கின. அதில் ஒன்று தொட்டிக்குள் விழுந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் ரிப்பேர்காரர் புத்தாண்டுச் சட்டையோடு வந்தார். சில்லர் உறுமியது. எல்லா முள்ளெலிகளும் மெல்ல அசைந்தன, ஒன்றைத் தவிர. அது மல்லாந்து கிடந்தது.

“தானா திரும்பினா பொழைச்சுக்கும்ப்பா,” என்றாள் தாமரை.

இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு நூல்கால் நீண்டது. இன்னொன்று. மெல்ல மெல்லச் சாய்ந்து, புரண்டு, நிமிர்ந்தது. பிறகு சுற்றிலும் தடவியது. பக்கத்தில் சிப்பி இல்லை, சிவப்புக் கயிறு இருந்தது. அதை முள்ளுக்கு முள் கைமாற்றி ஏற்றி, உச்சியில் வைத்துக்கொண்டது.

தாமரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கையும் உறிஞ்சினாள்.

இதைத்தான் தம்புசாமி நம்பவில்லை.

வியாழக்கிழமை அவர் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி டை கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முதலில் கண்ணில் பட்டது புளித்த தொட்டி. அங்கே ஒரு முள்ளெலி மல்லாந்து, திரும்ப முயன்று முயன்று ஓய்ந்துகொண்டிருந்தது. அது நழுவ விட்ட சிப்பிகள் அப்பளம் மாதிரி மெலிந்து வெளுத்திருந்தன.

“ஏம்மா, இது எந்த ஊர்க் கடல்?”

“நாம இப்படியே புகை விட்டுக்கிட்டு இருந்தா உங்க பேரப்புள்ளைங்க பார்க்கப் போற கடல், அங்கிள்.”

தம்புசாமி தொட்டிக்கு இன்னும் கிட்டப் போனார். அந்த முள்ளெலி ஒருவழியாகத் திரும்பிய பிறகுதான் நகர்ந்தார்.

குளிர்த் தொட்டியில் சிப்பித் தொப்பிகள் தெரிந்தன, பாசித் தொப்பிகள் தெரிந்தன. கயிறு தெரியவில்லை.

“எங்கடா உன் பூக்காரி?”

சபாபதிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. “இருக்கா லா... வருவா...”

“நாளைக்கு எடுக்கறதுதானே, இன்னிக்கே எடுத்துட்டியாம்மா?” என்று தம்புசாமி தாமரையைக் கேட்டார்.

“இல்ல அங்கிள். நாளைக்கு அளக்கும்போது எடுத்துட்டு, நல்ல சிப்பி ஒண்ணு கொடுக்கலாம்னு இருக்கேன்.”

அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஏதோ சிவப்பாக எட்டிப் பார்த்தது. மணப்பெண் மணவறைக்கு வருவதைவிட மெதுவாக அவள் வந்தாள். உச்சியில் ராஃபியா கயிறு, ரஹ்மான் கடை முடிச்சு குலையாமல்.

தம்புசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

திரும்பி வந்து, கடையில் உட்கார்ந்ததும் சபாபதியால் அடக்க முடியவில்லை.

“கேட்டீங்களா பாய்? இவனைப் பார்த்ததும் அவ கண்ணடிச்சா!”

“கண்ணு கிடையாதுன்னு நீதானேடா சொன்னே!” என்றார் தம்புசாமி.

பிறகு எழுந்தார். டையைச் சரி செய்தார். ரொட்டி வீசிய கை நிஜமாகவே அந்தரத்தில் நின்றது. சாட்சி சொன்னதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லும் அந்தப் பழைய குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“கயிறு இருக்கு. அவளும் இருக்கா. தலையிலதான் வெச்சிருக்கா. நடந்தது. மலாய்ல பெத்தூல், இங்கிலீஷ்ல ட்ரூ. மூணு மொழியிலயும் நடந்தது லா!”