பக்கத்து சீட்

டிரைவிங் மாஸ்டருக்கு அந்தம்மாவை நினைத்தாலே தலைவலி. பத்து கிளாஸ் முடிந்தும் அவள் கிளட்ச்சை விட்டால் வண்டி குதித்து அணைந்துவிடும். அவர் கத்தினால் அவர் முகத்தையே பார்ப்பாள்.

"ரோட்டைப் பாருங்கம்மா. என் மூஞ்சியில சிக்னலா எரியுது?"

பதினொன்றாம் நாள் சந்திலிருந்து ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்தது. மாஸ்டரின் கால் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடுவதற்குள் அவள் சடாரென்று ரிவர்ஸ் எடுத்து, நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே அழகாகச் சொருகிவிட்டாள்.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"இருபது. போன வருஷம் சொந்தக்காரங்களைக் கண்டுபிடிக்கிற டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு எச்சில் கொடுத்தீங்கல்ல? நானும் கொடுத்தேன். ரிசல்ட்ல உங்க பேரும் வந்திருச்சு, நீங்கதான் பார்க்கல. நம்ம ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பக்கத்துல உட்காரலாமேன்னு கிளாஸ்ல சேர்ந்துட்டேன்."

தன் மகளின் தொல்லை தாங்காமல் துப்பி அனுப்பியதோடு மாஸ்டர் அதை மறந்தே போயிருந்தார். இப்போது சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒன்பது கிளாஸ் இருக்கு," என்றார் கடைசியில். "ஒண்ணைக்கூட மட்டம் போடாத. வண்டியை எடு."

அவள் கிளட்ச்சை விட்டாள். வண்டி குதித்து அணைந்தது, இந்த முறை நிஜமாகவே.