தேயிலைப் பெட்டி ஏற்றிய பஸ்

...இதோ, இப்போது கணவர் கத்திவிடுவார் என்றே ராமாத்தாள் எண்ணினாள், கண்டக்டர் பஸ் முழுவதும் கேட்கும்படி சிரிக்கிறார், "அடிமாலியோ? இது எறணாகுளம் வண்டியல்லே சேட்டா! மோளிலெ பெட்டி கண்டிட்டாணோ கேறியது?" என்று கேட்கிறார், மேலே பெட்டியைப் பார்த்தா ஏறினீர்கள் என்று, கேட்பதிலும் தவறில்லை, பிழை இவருடையதுதான், ஆலுவாயில் இந்த வண்டியின் கூரைமேல் தேயிலைப் பெட்டிகளைக் கண்டதுமே, யாரிடமும் விசாரிக்காமல், "நம்ம மல வண்டி, ஏறு புள்ள" என்றுவிட்டார், எஸ்டேட்டில் வீடு மாறுகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அந்தப் பெட்டிகளில்தானே கட்டுவார்கள், மலைக்குப் போகிற குடும்பம் என்று நினைத்திருப்பார், அது மலையை விட்டே போகிற குடும்பமாக இருந்துவிட்டது... அவர் எழுந்து நின்றார், கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு, "தப்பா ஏறிட்டோம், எறக்கி விடுங்க" என்றார், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் ஒரு குரல் கத்தியது, "சிரிச்சது போதுமுங்க! ஆளு தப்பி ஏறுனா சொல்றதுக்குத்தானுங்க நீங்க இருக்கறீங்க?" எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் அது தன் குரல் என்று அவளுக்கு விளங்கியது. "விடு புள்ள, சிரிச்சா நாம என்ன தேஞ்சா போயிருவோம்?" என்றார் அவர்.

யார் இவர், பள்ளிவாசல் எஸ்டேட்டின் லயத்து வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்ததற்குச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்த சுருளிவேல்தானா இவர், சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்குமே என்று அவள் கூசிக் குறுகிய அந்த நாட்களில் இந்தப் பொறுமை எங்கே இருந்தது... நான்கு மாதம் பெருமாட்டி ஊரில் பிறந்த வீட்டிலிருந்தவளை அழைக்க நேற்று வந்தார், இனிமேல் சத்தம் போடமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், அண்ணன் சின்னையனும் அவர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டான், "வழியில ஒரு சத்தம் போட்டாருன்னா அங்கேயே எறங்கி ஊட்டுக்கு வந்துரு ஆத்தா." காலையில் ஏறிய பஸ்ஸின் டயர் வெடித்தது, சக்கரம் மாற்றக் கைகொடுக்கப் போனார், பிறகு இந்தத் தவறான வண்டி, மழையில் நின்று ஆலுவாய்க்குத் திரும்பினார்கள், சரியான பஸ்ஸில் ஏறி நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம். ஒவ்வொரு முறையும் அவள் அவர் முகத்தையே பார்த்தாள், பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்ப்பது போல.

வந்த பஸ் அங்கேயே திருப்பி நிறுத்தப்பட்டது. "ஆலுவாய், திருச்சூர்!" என்று கூவினார்கள், அவள் பிறந்த வீட்டுக்குப் போகிற வழி. மரத்தைத் தாண்டிப் போனால் அந்தப் பக்கம் அடிமாலி வண்டி நிற்கிறதாம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் அவளைப் பாராமலேயே சொன்னார், "மச்சான் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. அலுப்பா இருந்தா இதுலயே ஏறிக்க புள்ள. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அவளுக்குச் சொல்லத் தோன்றியது ஒன்றே, "ஏனுங்க, காலையிலிருந்து நீங்க ஒண்ணுமே திங்கலீங்களே?" அவள் ஈரக் கிளைகளை விலக்கி முன்னே நடந்தாள், பின்னால் பஸ் புறப்படும் சத்தம் கேட்டது, அவர் கத்தக்கூடாதே என்று வேண்டிக்கொண்டா வந்தேன், அல்லது கத்தினால் திரும்பிப் போய்விடலாம் என்று காத்துக்கொண்டா வந்தேன்... கத்துகிற மனிதரோடு இருக்க அவளுக்குத் தெரியும், வாயை மூடு, கதவை மூடு, பொழுது விடியும், இந்த மனிதரோடு எப்படி இருப்பது... "வழுக்கும், கையக் குடு" என்றார், கொடுத்தாள், அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, மழைக்குளிரா, நாள் முழுவதும் அடக்கியதா, இல்லை, அந்தப் பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன் என்று பயந்தாரா, கேட்கலாமா... மரத்தைத் தாண்டிய பிறகும் அவள் கையை விடவில்லை.