பிரேக்கில் காற்று

கணவரின் சட்டைகளில் கறை இல்லாதது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பீரோவில் இருந்ததையெல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் கிரீஸ். நீலக் கோடு போட்டதில் பாக்கெட்டுக்குக் கீழே கிரீஸ். "இதையாவது விட்டு வைங்க" என்று சொல்லிப் போன மாதம் அவளே வாங்கிக் கொடுத்த சட்டையில், காலருக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு. அதைக் கண்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காலருக்குப் பின்னால எப்படிங்க கிரீஸ் படும் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்க ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் உடுத்தி அனுப்ப நல்ல துணி கேட்டிருந்தார்கள். அதை வாங்கிப் போக வந்த அண்ணன், கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அந்தக் காரை என்ன பண்றது? அது அங்க நின்னா மாப்பிள்ளையை எப்படி உள்ள கொண்டு வர்றது?"

வீட்டின் அமைப்பு அப்படி. தெருக்கதவைத் திறந்தால் நேராகக் கார் ஷெட். அதைத் தாண்டினால்தான் வீட்டு வாசல். கார் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகைச் சுவரில் தேய்த்தபடி பக்கவாட்டில்தான் நடந்து வந்தார்கள். காலையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களும் அப்படித்தான். கணவரின் அலுவலக மேலதிகாரிக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு. பாதியில் மாட்டிக்கொண்டு, முகத்தில் இருந்த சோகம் கலையாமல் பின்வாங்க வேண்டியதாயிற்று. கணவர் உயிரோடு இருந்திருந்தால் இதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"பின்பக்கமாக் கொண்டு வர முடியாதா?"

"பின்பக்கச் சந்துல பிரிட்ஜே நுழையலியே அண்ணே."

"அப்போ ஆஸ்பத்திரி வண்டியைத் தெருவிலேயே நிறுத்திட்டு, எல்லாரும் அங்கயே பாத்துட்டா என்ன?"

"வேண்டாம்." அவள் தலை நிமிராமல் சொன்னாள். "வாழ்நாள் பூரா தெருவுலதான் நடந்தார். விழுந்ததும் தெருவுலதான். வீட்டுக்குள்ள வரட்டும்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்போ காரைத்தான் வெளிய தள்ளணும். ஆளுக்குப் பஞ்சம் இல்ல. உன் பொண்ணுதான் விட மாட்டேங்குது. அடியில போய்ப் படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது."

கணவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். வெயிலோ மழையோ, வீடு வீடாக நடப்பதுதான் உத்தியோகம். நேற்றுக்கூட யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மீட்டர் மூடியைத் திறந்து குனிந்தவர், நிமிரவில்லை. அந்தக் காரையும் அப்படி நடந்து போன ஒரு வீட்டின் கொல்லையில்தான் பார்த்தார். ஐம்பது வருடத்துப் பழைய கார். பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழியைத் தவிர மற்றதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அந்த வீட்டு அம்மாள் சொல்ல, இவரும் லாரி பிடித்து எடுத்து வந்துவிட்டார். கார் ஓட்டத் தெரியாத மனிதர் ஓடாத கார் வாங்கிய கதை தெரு முழுக்கப் பரவிச் சிரிப்பாய்ச் சிரித்தது.

அப்போது மகளுக்குப் பதினாலு வயது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் திறக்காத பெண். கேட்டால் 'ம்', திரும்பக் கேட்டால் 'ஒண்ணுமில்ல'. லாரிச் சத்தம் கேட்டு வெளியே வந்தவள், கோழி எச்சத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். மூடாமல் தொங்கிய ஒரு கதவை ஆட்டிப் பார்த்தாள். "இது ஏன் மூடல?" என்று கேட்டாள். "தெரியலையே. பாப்பமா?" என்றார் அப்பா. அன்று ஷெட்டுக்குள் போனவர்கள்தான் இருவரும். மகள் புத்தகத்தில் படித்துப் பார்த்துச் சொல்வாள், அப்பா அடியில் புகுந்து செய்வார். மகளுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தார். "முதலாளி, அடுத்து எதைக் கழட்டணும்?" என்று அவர் கேட்பதும், பெண் அதட்டுவதும், இருவரும் சேர்ந்து சிரிப்பதும் சமையலறை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும்.

மகள் பேசுகிறாளே, சிரிக்கிறாளே என்று முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக அது வேறு மாதிரி ஆயிற்று. காருக்குச் 'சக்களத்தி' என்று அவள் பெயர் வைத்தாள். "சக்களத்திக்கு இன்னிக்கு என்ன, குளியலா, அலங்காரமா?" என்று கேட்டால் அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் கேட்டதில் பாதிதான் விளையாட்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் இருவரும் திருகு, குழாய், வாஷர் என்று ஏதோ சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். வேண்டுமென்று நிறுத்துவதில்லை. அவளிடம் சொல்ல அதில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சொந்த மகள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நேற்றிலிருந்து மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆஸ்பத்திரி நடையில் மகளின் தோளில் அவள் கை வைத்தபோது, பெண் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. கையை எவ்வளவு நேரம் அங்கேயே வைத்திருப்பது என்று தெரியாமல் அவளே எடுத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணோடு பேச அவளிடம் என்ன இருக்கிறது? சாப்பிட்டாயா, தூங்கினாயா. இனிமேல் இருவரும் அந்த மேஜையில் எதிரெதிரே உட்கார வேண்டும். அந்தப் பயம் துக்கத்தையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

காலருக்குப் பின்னால் கறை பட்ட சட்டையையே மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள். படுத்திருப்பவருக்கு அது தெரியப் போவதில்லை. அண்ணன் அதை வெளியே நின்றிருந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். அவள் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். அண்ணனும் பின்னாலேயே வந்தார்.

காருக்கு அடியிலிருந்து மகளின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் பழைய காக்கிப் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டி விட்டிருந்தாள். ஓட்டுநர் சீட்டில் பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் குனிந்து மறுபடியும் ஆரம்பித்தார். "பாப்பா, மாமா சொல்றதைக் கேளு. கயித்தைக் கட்டி, முன்னால நாலு பேர் பின்னால நாலு பேர் பிடிச்சு மெதுவா இறக்கிடலாம்."

"தெரு சரிவு மாமா," அடியிலிருந்து குரல் வந்தது. "எஞ்சின் ஒர்க்ஷாப்ல இருக்கு. கியரும் இல்ல, கை பிரேக்கும் மாட்டல. கயிறு நழுவினா யார் பிடிப்பா? இன்னொருத்தர் சாகணுமா?"

அண்ணன் நிமிர்ந்து ஒதுங்கினார்.

"பிரேக் குழாய் எல்லாம் மாட்டியாச்சு. உள்ள இருக்கிற காத்தை மட்டும் எடுக்கணும். அதுக்கு ஒரு ஆள் பெடலைச் சரியா அழுத்தினாப் போதும்."

"அழுத்திக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்," என்றார் டாக்சிக்காரர்.

"நான் விடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துடறீங்களே அண்ணா. திருகு திறந்திருக்கும்போது எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். எல்லாம் முதல்லேர்ந்து."

அவர் தலையாட்டினார். மறுபடி அழுத்தினார். அதே நேரம் பார்த்து அவர் பாக்கெட்டில் போன் அலறியது. கை பாக்கெட்டுக்குப் போக, கால் மேலே வந்துவிட்டது. "அய்யோ!" என்று அடியிலிருந்து கேட்ட கத்தலில், நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்சிக்காரர் இறங்கி, துக்க வீடு என்பதால் சும்மா போகிறேன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"நான் அழுத்தறேன்," என்றாள் அவள்.



"உனக்குத் தெரியாதும்மா."

"அழுத்து, பிடி, விடு. அவ்வளவுதானே? ஒரு மாசமா ஜன்னல் வழியா அதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து ஏறினாள். இந்தக் காருக்குள் அவள் உட்கார்வது இதுதான் முதல் தடவை. சீட்டுக்குப் புதுத் துணி தைத்துப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. உட்கார்ந்ததும் அது முனகியது. காலை நீட்டினாள். எட்டவில்லை.

"சீட்டைத் தள்ளிக்கோ," என்றது கீழிருந்த குரல். "உனக்குக் கால் எட்டாது. முன்பக்கம் அடியில ஒரு கம்பி இருக்கும், பாரு."

தள்ளிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள்.

"அழுத்து."

அழுத்தினாள். ஊறிய பஞ்சின்மேல் கால் வைத்ததுபோல் இருந்தது.

"பிடி."

ஸ்பேனர் திரும்பித் திருகு திறக்கும் சத்தம். பிடித்துக்கொண்டிருந்த பெடல் திடீரென்று தானாகவே தரைவரைக்கும் இறங்கியது.

"எடுத்துடாதம்மா!"

"எடுக்கல. எடுக்கல."

மறுபடி ஸ்பேனர், திருகை மூட. "விடு."

விட்டாள். இப்படியே திரும்பத் திரும்ப. பின்சக்கரம் ஒன்று முடிந்தது, மற்றதும் முடிந்தது. நடுவில் மகள் வெளியே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே முன்னால் இருந்த டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி அடியில் போனாள். கன்னத்தில் அப்பாவைப்போலவே கிரீஸ்.

"காலைல ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள்.

"அம்மா, அழுத்து."

அழுத்தினாள்.

மூன்றாவது சக்கரமும் முடிந்தபோது பெடலின் போக்கு மாறியிருந்தது. கால் வைத்ததும் எதிர்த்து நின்றது.

"கெட்டியாகுதா?" என்று மகளே கேட்டாள்.

"ம். பாதியிலயே நிக்குது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். கல்லு மாதிரி நிக்குது."

கீழிருந்து மெல்ல, "அப்பாவுக்கு இது வரவே இல்லம்மா. எத்தனையோ தடவை பாத்தோம். எங்கயோ ஒழுகுதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தார்."

அவள் காலைப் பெடலில் சரியாக வைத்துக்கொண்டாள். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"இது ஒண்ணுதான். உன் பக்கம்."

மகள் நகர்ந்து வந்து அவள் கதவுக்கு நேர் கீழே படுத்தாள். கதவு திறந்தே இருந்ததால் அந்தப் பாதங்கள் இப்போது அவளுக்குத் தெரிந்தன.

"அழுத்து."

அழுத்தினாள்.

"பிடி."

ஸ்பேனர் திரும்பியது. பெடல் தரைக்கு இறங்கியது. அவள் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

'விடு' வரவில்லை.

ஸ்பேனர் சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு இன்னொரு சத்தம். முதலில் அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை. குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டு இழுப்பதுபோல் இருந்தது. கதவுப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். கீழே மகளின் கால்விரல்கள் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு மடங்கியிருந்தன. சத்தம் பெரிதாயிற்று. இறங்கி அவளும் அந்தத் தரையில் படுத்துக்கொண்டு, அந்தத் தலையை இழுத்து மார்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது.

திருகு திறந்திருந்தது.

"கண்ணு," என்றாள். "அம்மா எடுக்கல. பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மெதுவா ஆகட்டும்."

அண்ணன் தெருக்கதவிலிருந்து வேகமாக வந்தார். "வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு. முடிஞ்சுதா?"

அவள் திரும்பாமல், இருங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். அவர் நின்றார். கீழேயிருந்து வந்த அழுகை அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வெளியே போய் யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

அவளுடைய தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். பிறகு மறு காலையும் தூக்கி, முதல் காலின் மேல் வைத்து அழுத்தினாள்.